படிக்கத் தெரிகிறது, பொருள் பிடிபடவில்லை: உள்ளடக்கிய வகுப்பில் வாசித்துப் புரிதலை எங்கிருந்து தொடங்குவது?

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் வகுப்பில் 36 பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுள் ஒரு மாணவிக்கும் ஒரு மாணவனுக்கும் அறிவுசார் குறைபாடு இருப்பது முறையான மதிப்பீட்டில் தெரியவந்திருக்கிறது. இருவரும் நாள் முழுவதும் மற்றவர்களோடு இதே வகுப்பில்தான் இருக்கிறார்கள். சிறப்பாசிரியர் வாரத்தில் இரண்டு நாள் வந்து ஒரு மணி நேரம் உடனிருக்கிறார்.

அந்த மாணவி பாடநூலின் ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாய்விட்டுப் படித்துவிடுவாள். படித்து முடித்ததும், "மழை வருவதற்கு முன் எறும்புகள் ஏன் மேட்டுக்குப் போயின?" என்று கேட்டால், பத்தியின் முதல் வரியை மறுபடி படிப்பாள். "கடைசியில் என்ன நடந்தது?" என்று கேட்டாலும் அதே முதல் வரிதான். மாணவனோ எழுத்துகளில் பாதியைக்கூட இன்னும் உறுதியாக அடையாளம் காணவில்லை. ஆனால் அதே எறும்புக் கதையை நான் வகுப்புக்கு வாசித்துக் காட்டியபோது, "தண்ணி உள்ள வந்துடும்னு முட்டையைத் தூக்கிட்டுப் போச்சு" என்று எல்லாருக்கும் முன்பாகச் சொன்னவன் அவன்தான்.

இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இதுவரை ஒரே பயிற்சியைத்தான் கொடுத்துவந்திருக்கிறேன்: எழுத்துப் பயிற்சி, சொல்லட்டை, பார்த்தெழுதுதல். முதலில் படிக்கப் பழகட்டும், பொருள் தானாக வரும் என்று உடன் பணியாற்றுபவர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். அந்த மாணவியைப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது. மற்ற 34 பிள்ளைகளின் பாடத்தை நிறுத்தாமல் இருவருக்கும் வாசித்துப் புரிதலை எப்படிக் கற்பிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சிறப்பாசிரியர் எழுதியது:

உங்கள் கவனிப்பிலேயே பாதி விடை இருக்கிறது. ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் 1986-இல் ஓர் எளிய சமன்பாட்டை முன்வைத்தார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறனையும், பேச்சைக் கேட்டுப் பொருளுணரும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசித்துப் புரிதல் என்பது அவர்களின் கூற்று. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் அதன் வலிமை இருக்கிறது. இரண்டில் ஒன்று சுழியாக இருந்தால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சுழிதான். உங்கள் மாணவிக்கு ஒரு காரணி வளர்ந்திருக்கிறது, மற்றது வளரவில்லை. மாணவனுக்கு அப்படியே நேர்மாறு. ஒரே நோய்க்குறியைப் பார்த்து இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துவந்திருக்கிறோம். நானும் பணியின் தொடக்க ஆண்டுகளில் இதைச் செய்திருக்கிறேன்.

"முதலில் எழுத்து, பிறகு பொருள்" என்ற வரிசை இந்தப் பிள்ளைகளுக்கு மிகப் பெரிய இழப்பை உண்டாக்குகிறது. கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு வாசிப்புக் கற்பித்தல் பற்றிய 128 ஆய்வுகளை டயான் பிரௌடரும் உடன் பணியாற்றியவர்களும் தொகுத்துப் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான ஆய்வுகள் சொற்களைப் பார்த்தவுடன் அடையாளம் காணவைப்பதிலேயே நின்றிருந்தன. பொருளுணர்தலை எடுத்துக்கொண்டவை குறைவு. அந்தப் பிள்ளைகளால் பொருளுணர முடியாது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. பொருளுணர்தலை அவர்களுக்குக் கற்பித்துப் பார்த்தவர்களே குறைவு என்பதைத்தான் அது காட்டுகிறது. பின்னர் ஜில் ஆலர் குழுவினர், நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) 40 முதல் 80 வரை இருந்த பிள்ளைகளுக்கு நான்கு ஆண்டுகள் வரை முறையாகக் கற்பித்தபோது, வழக்கமான கற்பித்தலில் இருந்தவர்களைவிட அவர்கள் கூடுதலாக முன்னேறியதைப் பதிவுசெய்தார்கள். ஆனால் அந்த முன்னேற்றத்துக்கு, இந்தக் குறைபாடு இல்லாத பிள்ளைகளுக்கு ஆவதைவிடப் பல மடங்கு காலம் ஆனது. ஒரு பருவம் முயன்றுவிட்டு "இவளுக்கு வராது" என்று முடிவுகட்டுவது ஏன் தவறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மாணவனுக்குச் செய்ய வேண்டியது: எழுத்துப் பயிற்சி ஒரு பக்கம் நடக்கட்டும், ஆனால் வகுப்பு படிக்கும் அதே பாடத்தை அவனுக்கு நாள்தோறும் வாசித்துக்காட்டி, அதே கேள்விகளை அவனிடமும் கேளுங்கள். எழுத்து வரும்வரை அவனுடைய சிந்தனையை வாசலில் நிறுத்திவைக்க வேண்டாம்.

மாணவிக்கு, முழுப் பத்தியிலிருந்து ஒற்றை வாக்கியத்துக்கு இறங்கி வாருங்கள். "எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியது" என்ற வாக்கியத்தை அவள் படித்ததும் மூன்று படங்களை முன்னால் வையுங்கள். ஒன்றில் எறும்பு மேட்டில் ஏறுகிறது, மற்றொன்றில் இறங்குகிறது, இன்னொன்றில் முட்டை இல்லாமல் ஏறுகிறது. படங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால்தான் அவள் சொற்களைப் பொருளோடு படித்தாளா என்பது தெரியும். எறும்புக்கும் யானைக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஒரு சொல்லைப் பார்த்தே விடை சொல்லிவிடுவாள். அடுத்து, யார், எங்கே, என்ன என்ற கேள்விகள் உறுதிப்பட்ட பிறகே ஏன், எப்படி என்பவற்றுக்குப் போங்கள். ஒவ்வொரு விடைக்கும் பின், "எந்த வரி இதைச் சொன்னது? விரல் வை" என்று கேட்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவாருங்கள்.

பேச்சு, மொழிப் பயிற்சியாளர் எழுதியது:

சிறப்பாசிரியர் சொன்னதோடு மொழியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். தமிழில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது தனிக் கவனம் வேண்டும் இடம்.

தமிழ் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஒழுங்கானது. எனவே உயிர்மெய் வரிசையை மனத்தில் ஏற்றிக்கொண்ட பிள்ளை, பொருள் தெரியாத சொல்லையும் சரளமாக ஒலித்துவிட முடியும். அந்த மாணவியின் சரளம் நம்மை ஏமாற்றுவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, நாம் பேசும் தமிழும் புத்தகத்துத் தமிழும் வேறுவேறு என்பது. வீட்டில் "அவங்ககிட்டேருந்து" என்று கேட்டு வளர்ந்தவளுக்கு "அவர்களிடமிருந்து" என்ற அச்சுச் சொல் தன் சொல்தான் என்று தானாகத் தெரிந்துவிடாது. மற்ற பிள்ளைகள் கேட்டுக் கேட்டு இந்தப் பாலத்தைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். இவளுக்கு நாம் கட்டிக்கொடுக்க வேண்டும். அச்சு வடிவத்தையும் பேச்சு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் சொல்லிக்காட்டி, "இதைத்தான் நாம் இப்படிச் சொல்கிறோம்" என்று ஒவ்வொரு பாடத்திலும் நான்கைந்து சொற்களுக்குச் செய்தால் போதும். புணர்ச்சியும் அப்படித்தான். "வரமாட்டேனென்றாள்" என்று சேர்ந்து நிற்பதை "வரமாட்டேன் என்றாள்" என்று பிரித்து எழுதிக் கொடுத்தவுடன் புரிந்துகொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நம் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில்தான் வரும். "நேற்று மாலை ஆற்றங்கரையில் நண்பர்களோடு விளையாடிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சிறுவன் மரத்தடியில் ஒரு நாய்க்குட்டியைக் கண்டான்" என்ற வாக்கியத்தில், "கண்டான்" என்பது வரும்வரை அத்தனை செய்தியையும் மனத்தில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள பலருக்குக் கேட்டதைக் குறுகிய நேரம் மனத்தில் இருத்திவைக்கும் ஆற்றல் குறைவு. டவுன் நோய்த்தொகை என்ற பிறவி மரபணு நிலை உள்ளவர்களிடம் செவிவழி நினைவாற்றல் குறிப்பாகப் பலவீனமாகவும், கண்வழிக் கற்றல் ஒப்பளவில் வலுவாகவும் இருப்பது நன்கு அறியப்பட்டது. அதனால் அந்தச் சுமையைத் தாளில் இறக்கிவையுங்கள்: சிறுவன், ஆற்றங்கரை, நாய்க்குட்டி ஆகிய மூன்று படங்களை வாக்கியத்தின் மேல் வரிசையாக வைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

எழுவாய் மறைந்திருக்கும் வாக்கியங்கள் இன்னொரு தடை. "கண்டான். தூக்கினான். வாலை ஆட்டியது" என்ற வரிகளில் கண்டவன் யார், ஆட்டியது எது என்பதை வினைமுற்றின் ஈறு சொல்லிவிடுகிறது. ஆன், ஆள், ஆர், அது என்ற ஈறுகளைக் கண்டுபிடித்து அந்தப் பாத்திரத்தோடு கோடு போட்டு இணைக்கும் பயிற்சியைப் பத்து நிமிடம் செய்து பாருங்கள். இது இலக்கணப் பாடமாகத் தோன்றும்; ஆனால் "யாரைப் பற்றிப் பேசுகிறோம்" என்ற நூலைக் கைவிடாமல் பிடித்துக்கொள்ள இதுவே உதவுகிறது.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதையும், மூன்று நொடியாவது காத்திருந்தால் பிள்ளைகளின் விடை நீளுவதையும் கண்டார். அது பொதுவான பிள்ளைகளின் கணக்கு. இவர்களுக்கு நான் மனத்துக்குள் பத்து வரை எண்ணுகிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:

இழையை ஆர்வத்தோடு படித்துவருகிறேன். ஒரு தயக்கத்தைத் திறந்து சொல்ல விரும்புகிறேன். இத்தகைய பிள்ளைகளுக்கென்று பாடத்தை எளிமையாக்கும்போது, பாடம் இரண்டு மூன்று சொற்கள் கொண்ட மொட்டை வாக்கியங்களாகச் சிதைந்துபோவதைப் பல முறை கண்டிருக்கிறேன். "ராணி வந்தாள். மழை பெய்தது. ராணி நனைந்தாள்." என்பது மொழியா? மற்ற பிள்ளைகள் நல்ல உரைநடையைப் படிக்கும்போது இவர்களுக்கு மட்டும் எலும்பைக் கொடுப்பது நியாயமா? சுவையே இல்லாத ஒன்றை எதற்காக ஒரு பிள்ளை புரிந்துகொள்ள வேண்டும்?

சிறப்பாசிரியர் எழுதியது:

தமிழாசிரியர் எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. நீங்கள் காட்டிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். "மழை பெய்தது. ராணி நனைந்தாள்." என்பதைவிட, "ராணியிடம் குடை இல்லை. அதனால் அவள் மழையில் நனைந்துவிட்டாள்." என்பது நீளமானது, ஆனால் புரிந்துகொள்ள எளிது. வாக்கியத்தைச் சுருக்குகிறோம் என்ற பெயரில் அதனால், ஏனென்றால், ஆனால், அதற்கு முன் போன்ற இணைப்புச் சொற்களை வெட்டிவிட்டால், காரணத்தை ஊகிக்கும் வேலையை முழுவதும் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறோம். ஊகித்தல்தான் இவர்களுக்கு மிகக் கடினமான பகுதி. ஆகவே நான் பாடத்தைத் திருத்தும்போது கிளைச் செய்திகளைக் குறைப்பேன், மறைந்த எழுவாயை வெளியே கொண்டுவருவேன், இணைப்புச் சொற்களைக் கூட்டுவேன். ஆசிரியரின் அழகான வாக்கியம் ஒன்றிரண்டை அப்படியே வைத்திருந்து வாய்விட்டு வாசித்துக்காட்டுவேன்.

அறிவியல், சமூக அறிவியல் பாடங்களுக்கு இன்னொரு பாதை உண்டு. பாடத்தை மாற்றுவதற்கு முன் பின்புல அறிவைக் கொடுப்பது அது. 1988-இல் ரெக்ட், லெஸ்லி ஆகியோர் 64 மாணவர்களிடம் பேஸ்பால் விளையாட்டைப் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாயினும் விளையாட்டை நன்கு அறிந்தவர்கள், வாசிப்பில் தேர்ந்திருந்தும் விளையாட்டை அறியாதவர்களைவிட அதிகமாகப் புரிந்துகொண்டார்கள். நீர் ஆவியாதல் பாடத்துக்கு முதல் நாளே இந்த இருவரையும் ஈரத்துணியை வெயிலில் காயவைத்துப் பார்க்கச் செய்யுங்கள், பாடத்தின் நான்கு முக்கியச் சொற்களை அப்போதே சொல்லிக்கொடுங்கள். மறுநாள் வகுப்பில் அவர்கள் முன்கூட்டி அறிந்தவர்களாக அமர்ந்திருப்பார்கள்.

ஒரு தாய் எழுதியது:

நான் ஆசிரியர் அல்ல. என் மகனுக்கு இப்போது 13 வயது ஆகிறது. அவனுக்கு டவுன் நோய்த்தொகை இருக்கிறது. இரண்டு செய்திகளை மட்டும் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலாவது, தயவுசெய்து "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். அவன் ஆம் என்றுதான் சொல்வான். ஆம் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மலர்கிறது என்பதை மிகச் சிறு வயதிலேயே அவன் கற்றுக்கொண்டுவிட்டான். பல ஆண்டுகள் அவனுடைய குறிப்பேட்டில் "நன்றாகப் புரிந்துகொள்கிறான்" என்று எழுதி வந்தது, அவன் தலையாட்டியதை வைத்துத்தான். "எனக்குச் சொல்லிக்காட்டு", "நடித்துக் காட்டு", "படத்தை வரிசைப்படுத்து" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

இரண்டாவது, அவனுடைய வயதை மறக்காதீர்கள். முன்பு அவன் படித்த பள்ளியில், பன்னிரண்டு வயதில் அவனுக்கு மழலையர் படப்புத்தகத்தைக் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் விண்வெளிப் பயணத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அந்தப் புத்தகத்தை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு அவர்களின் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவனுடைய தோழன் பிறகு என்னிடம் சொன்னான். அன்றிரவு நான் அழுதேன். மறுநாள் விண்வெளிப் பாடத்தை ஐந்து வாக்கியங்களாக என் கையாலேயே எழுதி, படம் ஒட்டி, அவன் பையில் வைத்து அனுப்பினேன். அந்தத் தாளை அவன் இன்னும் வைத்திருக்கிறான்.

தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் எழுதியது:

அம்மாவின் பதிவு மனத்தைத் தொட்டது. ஆயினும் நடைமுறையையும் பேச வேண்டும். ஒரே ஆசிரியர், 36 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. படம் தேடி, பாடம் திருத்தி, பத்து வரை எண்ணிக் காத்திருக்க எங்கே நேரம்? இந்த இருவரையும் ஒரு தனி அறையில் சிறப்பாசிரியரோடு அமர்த்தினால் கூடுதலாகக் கற்பார்களே என்று நேர்மையாகவே கேட்கிறேன்.

சிறப்பாசிரியர் எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வியை மதிக்கிறேன். தனியே அமர்ந்து எழுத்துப் பயிற்சி செய்வதற்கு வாரத்தில் சில மணி நேரம் தேவைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொருளுணர்தல் பேச்சில் வளர்வது. ஒரு கதையைப் பற்றி முப்பது பேர் வாதிடுவதைக் கேட்கும் வாய்ப்பைத் தனி அறை தர முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டபோது, அதன் 24-ஆவது பிரிவு பொதுக் கல்வி அமைப்புக்குள்ளேயே தேவையான உதவியைத் தர வேண்டும் என்று சொன்னது. உதவியில்லாமல் கடைசி வரிசையில் அமர்த்திவைப்பதை அந்தப் பிரிவு கேட்கவில்லை. அந்த அளவில் உங்கள் கவலையும் நியாயமானது.

நேரத்துக்கு ஒரு வழி, முழு வகுப்புக்கும் பயன்படும் முறையைத் தேர்ந்தெடுப்பது. பலின்சர், பிரவுன் ஆகிய இருவர் 1984-இல் எழுதிய பரிமாற்றக் கற்பித்தல் முறையைத் தழுவிச் செய்யும்போது, பிள்ளைகள் சிறு குழுவாக அமர்ந்து ஒரு பத்தியைப் படித்து, ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் சுருக்கிச் சொல்ல, ஒருவர் புரியாத இடத்தைத் தெளிவுபடுத்த, ஒருவர் அடுத்து என்ன வரும் என்று முன்னுரைப்பார்கள். பொறுப்புகள் சுழன்று வரும். உங்கள் மாணவனுக்கு முன்னுரைக்கும் பொறுப்பைக் கொடுங்கள். அதற்கு எழுத்துக் கூட்டத் தேவையில்லை, பத்தியை ஒரு தோழன் வாசித்துவிடுவான். மாணவிக்குக் கேள்வி கேட்கும் பொறுப்பைக் கொடுங்கள். "யார்", "எங்கே" என்று தொடங்கும் அட்டைகள் அவள் கையில் இருக்கட்டும். ஒரு முன்னெச்சரிக்கை: முதல் இரண்டு மூன்று வாரம் ஒவ்வொரு பொறுப்பையும் நீங்களே செய்துகாட்டி, பிறகு சேர்ந்து செய்து, அதன் பின்னரே விட வேண்டும். அதைத் தவிர்த்தவர்களின் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லிவிட, இவர்கள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் எழுதியது:

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

குழு முறையில் முதல் பத்து நாள் குழப்பமாகத்தான் இருந்தது. மாணவன் ஒவ்வொரு பத்திக்கும் "மழை வரும்" என்றே முன்னுரைத்தான். பிறகு, "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" என்று அவனுடைய குழுவில் உள்ள ஒரு சிறுமி கேட்கத் தொடங்கினாள், அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது படத்தையோ தலைப்பையோ தொட்டுக்காட்டிவிட்டுத்தான் சொல்கிறான். எழுத்துகளில் முன்னேற்றம் மெதுவாக இருக்கிறது, ஆனால் பாடவேளையில் அவன் மேசையில் தலைசாய்ப்பது நின்றுவிட்டது.

மாணவியிடம் பட அட்டைப் பயிற்சியில் ஒற்றை வாக்கியங்கள் நன்றாக வருகின்றன. ஈறுகளுக்குக் கோடு போடுவது அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வகுப்பில் பாதிப் பேர் தங்களுக்கும் அந்தத் தாள் வேண்டும் என்று கேட்டதால் எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். பத்திக்குப் போனால்தான் தடுமாறுகிறாள். நேற்று நீர் ஆவியாதல் பாடத்தில், "துணியில் இருந்த தண்ணீர் எங்கே போனது?" என்று கேட்டுவிட்டுப் பத்து வரை எண்ணினேன். அவள் நான்காவது வரியில் விரல் வைத்தாள். விடை ஐந்தாவது வரியில் இருந்தது. இதுவரை அவள் விரல் முதல் வரியைவிட்டு நகர்ந்ததே இல்லை. எங்கள் பதிவுத்தாளில் சரி, தவறு என்ற இரண்டு கட்டங்கள்தான் இருக்கின்றன. நேற்று நடந்ததைத் தவறு என்ற கட்டத்தில் குறிக்க என்னால் முடியவில்லை. எப்படிப் பதிவுசெய்வது?

சிறப்பாசிரியர் எழுதியது:

அந்தத் தாளைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு குறிப்பேட்டில் நான்கு செய்திகளை எழுதுங்கள்: தேதி, கேட்ட கேள்வி, அவள் விரல் வைத்த வரி, அதற்கு முன் நீங்கள் செய்த உதவி. உதவியை ஒன்றுமில்லை, கேள்வியை மறுபடி கேட்டேன், பத்தியை மறுபடி வாசித்தேன், இரண்டு வரிகளைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னேன், விடையைக் காட்டினேன் என்று குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தி, எந்தப் படியில் அவள் விடைக்கு வந்தாள் என்று குறியுங்கள். விடை சரியாகும் முன்பே உதவியின் படி குறையத் தொடங்கும். அடுத்த மதிப்பீட்டுக் கூட்டத்தில் அவளுடைய பெற்றோரிடம் காட்ட வேண்டியது அதுதான்.

இன்னொன்றும் பாருங்கள். கேள்வித்தாளைத் தயாரித்ததும், பத்தியைப் படிக்காத ஒரு பிள்ளையிடம் அதைக் கொடுங்கள். பத்தி இல்லாமலே விடை சொல்ல முடிகிற கேள்விகளை நீக்கிவிடுங்கள். அவை பொது அறிவைச் சோதிக்கின்றன, வாசிப்பைச் சோதிப்பதில்லை. நான்காவது வரியில் என்ன எழுதியிருந்தது என்பதையும் இங்கே எழுதுங்கள். அதில் "தண்ணீர்" என்ற சொல் இருந்திருந்தால், அவள் கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடத் தொடங்கியிருக்கிறாள். அப்படியானால் அடுத்த பயிற்சி எதுவாக இருக்க வேண்டும் என்பதை அதிலிருந்து முடிவுசெய்யலாம்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் எழுதியது:

இப்போதுதான் பார்த்தேன். நான்காவது வரி: "துணியில் நிறையத் தண்ணீர் இருந்தது." ஐந்தாவது வரி: "வெயில் பட்டதும் அது ஆவியாகிக் காற்றில் கலந்தது." அப்படியென்றால் அவளைத் தடுத்தது "அது" என்ற ஒரு சொல். நாளைக்கு அதற்குக் கோடு போடுகிறோம்.